தகவல் யாருடையது? உண்மைகளைத் திரட்டி எழுதத் தொடங்குவோருக்கான பதிப்புரிமை வழிகாட்டி

மலைகளின் உயரங்களைத் திரட்டிப் பட்டியல் அமைக்க விரும்புகிறவர், அறிவியல் செய்திகளைத் தமிழில் எழுத விரும்புகிறவர், விளையாட்டுப் போட்டிகளின் கணக்கைக் காட்டும் செயலியை உருவாக்குகிறவர் என எவராயினும், வேலையைத் தொடங்கிய சில நாட்களிலேயே ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார். இன்னொருவர் வெளியிட்ட தகவலை நாம் எடுத்துப் பயன்படுத்தலாமா என்பதே அக்கேள்வி. இதற்கு இரண்டு தவறான விடைகள் பரவலாக வழங்குகின்றன. இணையத்தில் இருப்பதெல்லாம் பொதுச்சொத்து என்பது ஒன்று. ஓர் எண்ணை எடுப்பதற்கும் அனுமதி வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது விடை பிறர் உழைப்பை மதிக்காத பிழைக்கு இட்டுச் செல்கிறது. இரண்டாவது விடை, எல்லோருக்கும் உரிய அறிவை எவரோ ஒருவரின் உடைமை என்று நம்பவைத்து, எழுத வேண்டியவர்களை எழுதவிடாமல் செய்கிறது. இரண்டாவதன் கேடு வெளியே தெரிவதில்லை என்பதால், அதுவே பெரிய கேடு என்று நான் கருதுகிறேன்.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் ‘காப்புரிமை’ என்னும் சொல் புதுக் கண்டுபிடிப்புகளுக்கான உரிமைக்கும் எழுத்துக்கான உரிமைக்கும் மாறி மாறி வழங்குகிறது. இரண்டும் வெவ்வேறு சட்டங்களால் ஆளப்படுபவை. இக்கட்டுரையில் ‘பதிப்புரிமை’ என்பது எழுத்து, ஓவியம், இசை, கணினி நிரல் போன்ற படைப்புகளின் மீது படைத்தவருக்கு உள்ள உரிமையை மட்டுமே குறிக்கும்.

முதற்படி: உண்மையையும் அதைச் சொன்ன விதத்தையும் பிரித்துப் பாருங்கள்

பதிப்புரிமை காப்பது சொன்ன விதத்தை. சொல்லப்பட்ட உண்மையை அன்று. உலக வணிக அமைப்பின் கீழ் 1995 முதல் நடைமுறையில் உள்ள, அறிவுசார் சொத்துரிமைகள் பற்றிய டிரிப்ஸ் உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, பாதுகாப்பு வெளிப்பாடுகளுக்கே உரியது என்றும், கருத்துகள், செய்முறைகள், இயக்கும் முறைகள், கணிதக் கருத்துருக்கள் ஆகியவற்றுக்கு உரியதன்று என்றும் வரையறுக்கிறது. 1886இல் உருவாகிப் பலமுறை திருத்தப்பட்ட பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையும், அன்றாடச் செய்திகளையும் வெறும் செய்தித் துணுக்குகளாக அமைந்த உண்மைகளையும் தன் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

இதன் காரணம் எளிது. படைப்பவருக்கே பதிப்புரிமை உண்டு. உண்மையை எவரும் படைப்பதில்லை, கண்டறிகிறார்கள். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,848.86 மீட்டர் என்று அறிவித்தன. அந்த அளவைப் பெறுவதற்கு அளவையாளர்கள் கருவிகளுடன் சிகரம் ஏறினார்கள். செலவும் உயிராபத்தும் மிகுந்த பணி அது. ஆயினும் அந்த எண்ணை எவரும் எந்த நூலிலும் அச்சிடலாம், எந்தச் செயலியிலும் சேர்க்கலாம். ஆனால் அந்தப் பயணத்தை ஒருவர் விவரித்து எழுதிய பக்கம் அவருடையது.

பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதை ஒரு சிறு எடுத்துக்காட்டில் காணலாம். ‘நாம் நிமிர்ந்து பார்க்கும் கதிரவன் இப்போதைய கதிரவன் அன்று, எட்டு நிமிடங்களுக்கு முன் அவன் விடுத்த ஓலையைத்தான் இப்போது பிரித்துப் படிக்கிறோம்’ என்று ஒருவர் எழுதியிருப்பதாகக் கொள்வோம். இதில் உண்மை என்பது, சூரிய ஒளி பூமியை வந்தடைய ஏறத்தாழ 8 நிமிடங்கள் 20 நொடிகள் ஆகின்றன என்பது மட்டுமே. ஓலை என்னும் உவமையும் அதைப் பிரித்துப் படிக்கும் கற்பனையும் அந்த வாக்கியத்தின் ஓட்டமும் எழுதியவருக்கு உரியவை. நீங்கள் உண்மையை எடுத்துக்கொள்ளலாம். ஓலையை விட்டுவிட வேண்டும். உங்களுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு மூலத்திலும் எது ஒளி, எது ஓலை என்று கேட்டுப் பழகினால், இந்த வழிகாட்டியின் பாதியைக் கற்றுக்கொண்டவர் ஆவீர்கள்.

வரலாற்றுக் கருதுகோள்களும் பெரும்பாலும் உண்மையின் பக்கமே வைக்கப்படுகின்றன. 1937இல் எரிந்து விழுந்த ஹிண்டன்பர்க் வான்கப்பல் நாசவேலையால் அழிந்தது என்று வாதிட்ட நூலாசிரியர் ஒருவர், அதே விளக்கத்தைக் கொண்டு எடுக்கப்பட்ட திரைப்படத்தின் மீது வழக்குத் தொடுத்தார். வரலாற்று நிகழ்வுக்கு ஒருவர் தரும் விளக்கம் அவருக்கு மட்டும் உரிய சொத்தாகாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. ஒரு நிகழ்வை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று முதலில் சொன்னவருக்கே அப்புரிதல் சொந்தம் என்று வைத்தால், அடுத்த ஆய்வாளர் அதை மறுக்கவோ வளர்க்கவோ வழியில்லாமல் போயிருக்கும்.

இரண்டாம் படி: எடுத்த விதத்தைச் சோதியுங்கள்

கணினிக்கு முன் ஒரு தகவலை எடுப்பது என்றால், நூலைப் படித்து, குறிப்பேட்டில் கையால் எழுதி, பின்னர் அக்குறிப்பிலிருந்து புதிதாக எழுதுவது வழக்கம். கை சோம்பல் கொள்ளும் என்பதால் குறிப்பில் எண்ணும் பெயரும் மட்டுமே ஏறும். மூலத்தின் நடை வழியிலேயே உதிர்ந்துவிடும். இன்று விசைப்பலகையில் இரண்டு முறை அழுத்தினால் பத்தி முழுவதும் எழுத்துப் பிசகாமல் வந்துவிடுகிறது. உண்மையை மட்டும் எடுக்க நினைத்தவரின் கையில், அதைச் சொன்ன விதமும் சேர்ந்தே வருகிறது. கணினிக் காலத்தில் புதியவர்கள் செய்யும் மீறல்களில் பெரும்பகுதி திருடும் எண்ணத்தால் நேர்வதில்லை, இந்த வசதியால் நேர்கிறது என்பதே என் கருத்து.

ஆகவே, பழைய குறிப்பேட்டு முறையைக் கணினியிலும் மீட்டுக்கொள்ளுங்கள். மூலத்தைத் திறந்து வைத்திருக்கும்போது எண்கள், பெயர்கள், ஆண்டுகள், காரணங்கள் ஆகியவற்றைச் சொற்றொடர்களாக அல்லாமல் தனித்தனிச் சொற்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மூலங்களிலிருந்து இவ்வாறு குறித்த பின், எல்லாவற்றையும் மூடிவிட்டு, குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஒரே மூலத்திலிருந்து எழுதினால், சொற்கள் மாறினாலும் வரிசை மாறாது. எதை முதலில் சொல்வது, எதை விரிப்பது, எங்கே நிறுத்துவது என்னும் முடிவுகளும் மூல ஆசிரியருடையவையாகவே இருந்துவிடும். ஒவ்வொரு வாக்கியத்திலும் சொற்களுக்கு இணைச்சொல் தேடிப் பொருத்துவது புதிதாக எழுதுவது ஆகாது. அது மூலத்தின் எலும்புக்கூட்டுக்கு வேறு சட்டை அணிவிப்பது மட்டுமே.

தமிழில் எழுதுவோர் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது மொழிபெயர்ப்பு. பிறமொழிக் கட்டுரை ஒன்றை வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழாக்கினால், ஒரு சொல்கூட மூலத்தோடு ஒத்திருக்காது. ஆனால் மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருக்கே உரியது என்பது பெர்ன் உடன்படிக்கையில் தெளிவாக உள்ளது. ‘எல்லாமே என் சொந்தத் தமிழ்தானே’ என்ற வாதம் நிற்காது. அனுமதி பெற்றோ, தடையற்ற உரிமத்தில் வெளியான மூலத்தைத் தேர்ந்தோ மொழிபெயர்க்கலாம். இரண்டும் இயலாதபோது, அக்கட்டுரையில் உள்ள உண்மைகளை மட்டும் குறித்துக்கொண்டு, தமிழ் வாசகருக்கு எது முதலில் தெரிய வேண்டும் என்று யோசித்துப் புதிதாக எழுதுங்கள். இப்படி எழுதிய கட்டுரை பெரும்பாலும் தமிழாகவும் நன்றாக இருக்கும்.

மூலத்தைக் குறிப்பிடுவது பற்றிய குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘நன்றி’ என்று போட்டுவிட்டால் பத்தியை அப்படியே எடுத்தது சரியாகிவிடாது. அதேபோல், உண்மைக்குப் பதிப்புரிமை இல்லை என்பதால் அதை எங்கிருந்து அறிந்தோம் என்பதை மறைப்பதும் முறையாகாது. முதலாவது சட்டத்தின் பாற்பட்டது, இரண்டாவது நேர்மையின் பாற்பட்டது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஈடுசெய்ய முடியாது.

மூன்றாம் படி: பட்டியல் என்றால், அதில் எவருடைய தீர்மானம் இருக்கிறது என்று பாருங்கள்

தனி உண்மைக்கு உரிமையாளர் இல்லை. பல்லாயிரம் உண்மைகளை ஒருவர் உழைத்துத் திரட்டியிருந்தால்? இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை ஒரு தொலைபேசி விவரத் திரட்டிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இயங்கிய ரூரல் என்னும் தொலைபேசி நிறுவனம், தன் சந்தாதாரர்களின் பெயர், ஊர், எண் ஆகியவற்றை அகர வரிசையில் வெளியிட்டு வந்தது. பல பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே திரட்டு வெளியிட விரும்பிய ஃபைஸ்ட் என்னும் பதிப்பகம் அனுமதி கேட்டது, ரூரல் மறுத்தது, ஃபைஸ்ட் அனுமதியின்றியே எடுத்துக்கொண்டது. ஃபைஸ்டின் 46,878 பதிவுகளில் 1,309 பதிவுகள் ரூரலின் பதிவுகளோடு அப்படியே ஒத்திருந்தன. அவற்றுள் நான்கு, நகலெடுப்போரைப் பிடிப்பதற்காக ரூரல் வேண்டுமென்றே நுழைத்திருந்த கற்பனைப் பெயர்கள். எனவே நகலெடுத்தது பற்றி ஐயமே இல்லை. இருந்தும் 1991 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபைஸ்டின் பக்கம் தீர்ப்பளித்தது. நெற்றி வியர்வை சிந்தி உழைத்தது மட்டுமே பதிப்புரிமை தராது. தேர்விலோ அடுக்கிலோ சிறிதளவேனும் படைப்புத்திறன் இருக்க வேண்டும். எல்லாச் சந்தாதாரர்களையும் அகர வரிசையில் அடுக்கியதில் அத்தகைய திறன் ஏதுமில்லை என்று நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் எழுதினார்.

தேர்விலும் அடுக்கிலும் படைப்புத்திறன் இருந்தாலும்கூட, காக்கப்படுவது அத்தேர்வும் அடுக்கும் மட்டுமே. உள்ளே இருக்கும் ஒவ்வொரு தரவும் வெளியேதான் நிற்கிறது. டிரிப்ஸ் உடன்படிக்கையின் 10ஆம் பிரிவும் இதையே சொல்கிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் இதே திசையில் சென்றது. நீதிமன்றத் தீர்ப்புகளைத் திருத்தி வெளியிட்டுவந்த ஈஸ்டர்ன் புக் கம்பெனி, அவற்றைக் குறுவட்டுகளில் வெளியிட்டவர்கள் மீது தொடுத்த வழக்கு அது. தீர்ப்பின் மூல உரையில் எழுத்துப்பிழை நீக்கி, மேற்கோள் விவரம் சேர்த்து ஒழுங்குபடுத்துவதால் மட்டும் அவ்வுரை பதிப்பாளருக்குச் சொந்தமாகிவிடாது என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் தீர்ப்பின் சாரத்தைத் தந்து பதிப்பாசிரியர்கள் எழுதிய தலைக்குறிப்புகளும், தீர்ப்பைப் படித்துப் புரிந்து பத்திகளாகப் பிரித்து எண்ணிட்ட பணியும், அறிவும் தீர்மானமும் தேவைப்பட்டவை என்று ஏற்றது.

கணினியே தொகுத்த பட்டியலின் நிலை என்ன? ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் தொலைபேசித் திரட்டுகள் பற்றிய வழக்கில், 2010இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்றது. தொகுக்கும் வேலையின் பெரும்பகுதியைத் தானியங்கு அமைப்பே செய்திருந்ததால், ஆசிரியர் என்று சொல்லத்தக்க மனிதர்களின் பங்கு போதவில்லை என்பது அதன் முக்கியக் காரணம்.

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு, எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதிலுள்ளது கண்டறியப்பட்டதா, தீர்மானிக்கப்பட்டதா? ஒரு நாட்டின் ஆறுகளும் அவற்றின் நீளங்களும் கண்டறியப்பட்டவை. ‘கட்டாயம் காண வேண்டிய நூறு ஆறுகள்’ என்பது ஒருவரின் தீர்மானம். அந்த நூறையும் அப்படியே எடுத்தால் அவருடைய தேர்வை எடுத்தவர் ஆவீர்கள். எண்களிலும் இந்த வேறுபாடு உண்டு. பழங்காசுகளுக்கு வல்லுநர்கள் மதிப்பிட்டு வெளியிட்ட விலைகள் வெறும் உண்மைகள் அல்ல, சீர்தூக்கி எட்டிய முடிவுகள் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1999இல் கூறி, அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு என்றது. எண் வடிவில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதை மதிப்பீடுகளையும் தரவரிசைகளையும் கையாளும்போது மறக்க வேண்டாம்.

நுழைக்கப்பட்ட பொய்ப் பதிவுகள் பற்றியும் ஒரு சொல். நிலப்படங்களில் இல்லாத தெருக்களைச் சேர்ப்பதும் அகராதிகளில் இல்லாத சொற்களைச் சேர்ப்பதும் பழைய வழக்கம். பொய்யை உண்மை என்று சொல்லி வெளியிட்டவர், பின்னர் அது தன் கற்பனைப் படைப்பு என்று உரிமை கோர முடியாது என்று நியூயார்க் நீதிமன்றம் ஒன்று 1992இல் கூறியது. சட்டம் அப்படி இருந்தாலும் உங்கள் பட்டியலில் ஒரு பொய் ஏறிவிடுகிறதே, அதைத்தான் நீங்கள் அஞ்ச வேண்டும். இரண்டாவது மூலத்தோடு ஒப்பிடாத எதையும் சேர்க்காதீர்கள்.

நான்காம் படி: பதிப்புரிமைக்கு வெளியே உள்ள பூட்டுகளைத் தேடுங்கள்

பதிப்புரிமை இல்லை என்று உறுதியானதும் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். தகவலைத் தடுப்பவை வேறு சிலவும் உண்டு.

அவற்றுள் பெரியது ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுத்தள உரிமை. 1996இல் இயற்றப்பட்ட ஆணையின்படி, தரவுகளைப் பெறுவதற்கோ சரிபார்ப்பதற்கோ காட்சிப்படுத்துவதற்கோ கணிசமாக முதலிட்டவர், படைப்புத்திறன் சிறிதும் இல்லாவிட்டாலும், தம் தரவுத்தளத்தின் கணிசமான பகுதியைப் பிறர் பிரித்தெடுப்பதை 15 ஆண்டுகள் தடுக்கலாம். அமெரிக்கா தள்ளிய நெற்றி வியர்வைக் கோட்பாட்டை ஐரோப்பா வேறொரு பெயரில் ஏற்றுக்கொண்டது எனலாம். இதன் எல்லையை ஐரோப்பிய நீதிமன்றம் 2004இல், குதிரைப் பந்தய விவரங்கள் பற்றிய வழக்கில் குறுக்கியது: தரவை உருவாக்கச் செய்த செலவு கணக்கில் வராது, ஏற்கெனவே உள்ள தரவைத் தேடித் திரட்டிய செலவே கணக்கில் வரும். இவ்வுரிமையால் தரவுத்தள உற்பத்தி பெருகியது என்பதற்குச் சான்று இல்லை என்று ஐரோப்பிய ஆணையமே 2005இல் தன் மதிப்பாய்வில் ஒப்புக்கொண்டும், அது இன்றும் நீடிக்கிறது. நான் அதை ஏற்க இயலாதவன். எனினும், ஐரோப்பாவில் உருவான தரவுத்தளத்தை அங்குள்ளோர் பயன்படுத்தும் வகையில் மொத்தமாக எடுக்க நினைத்தால், இந்தச் சட்டத்தைத் தெரிந்த வழக்கறிஞரை முதலில் அணுகுங்கள்.

அடுத்த பூட்டு ஒப்பந்தம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொலைபேசித் திரட்டுகளைச் சேர்த்துக் குறுவட்டாக விற்ற புரோசிடி நிறுவனத்தின் வழக்கில், 1996இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை என்று கொண்டாலும் வாங்கியவர் ஏற்ற உரிம விதிகள் அவரைக் கட்டுப்படுத்தும் என்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் ரயன்ஏர் விமான நிறுவனத்தின் வழக்கில் இதையொத்த முடிவுக்கே வந்தது. கணக்குத் தொடங்கும்போது படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தும் விதிகளில், தானியங்கி நிரல் கொண்டு தகவல் திரட்டக் கூடாது என்ற வரி இருக்கக்கூடும். ஆகவே திரட்டும் நிரலை எழுதும் முன் தளத்தின் விதிகளையும், தானியங்கிகள் எங்கெங்கே வரலாம் என்று அறிவிக்கும் ரோபாட்ஸ் கோப்பையும் படியுங்கள். தளத்தை இயக்கும் கணினியான வழங்கி திணறாதபடி மெதுவாகக் கேட்பது, சட்டம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் செய்ய வேண்டியது.

சுடச்சுட வரும் செய்திக்குத் தனி உரிமை உண்டா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். போட்டி நிறுவனம் திரட்டிய போர்ச்செய்திகளை உடனுக்குடன் எடுத்து விற்பது முறையற்ற வணிகம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1918இல் கூறியது. ஆனால் கூடைப்பந்து ஆட்டங்களின் புள்ளிகளைப் பேஜர் என்னும் சிறுகருவியில் அனுப்பியதை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் தடுக்க மறுத்தது. கிரிக்கெட் ஓட்டக் கணக்கைக் குறுஞ்செய்தியாக அனுப்பியதைத் தடுக்க டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2013இல் மறுத்தது.

தனிமனிதரைப் பற்றிய தகவல் முற்றிலும் வேறு. ஒருவரின் முகவரியும் நோயும் உண்மைகளே. அவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் உள்ளன. அவை இல்லாத இடத்திலும், அந்த மனிதர் இருக்கிறார். தேவையற்ற தனித்தகவலைத் திரட்டாதீர்கள்.

ஐந்தாம் படி: படிப்பது நிரலாயின், அது நகலெடுக்கிறது என்பதை உணருங்கள்

மனிதர் ஒரு நூலைப் படித்து உண்மைகளை நினைவில் கொள்ளும்போது நகல் எதுவும் உண்டாவதில்லை. நிரல் படிக்க வேண்டுமானால் முதலில் முழு உரையையும் நகலெடுக்க வேண்டும். அதாவது, எவருக்கும் சொந்தமில்லாத உண்மையை அடைவதற்கு, ஒருவருக்குச் சொந்தமான வெளிப்பாட்டைக் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. சட்டங்கள் இதை அண்மையில்தான் எதிர்கொள்ளத் தொடங்கின. ஜப்பான் 2018இல் தன் சட்டத்தைத் திருத்தி, படைப்பை நுகரும் நோக்கமில்லாத தரவுப் பகுப்பாய்வுக்கு இடமளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஆய்வு நிறுவனங்களுக்கு விரிவாகவும், மற்றவர்களுக்கு உரிமையாளர் முன்கூட்டியே மறுக்காத அளவிலும் அனுமதித்தது. சிங்கப்பூர் தன் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில், முறையாக அணுகப்பெற்ற படைப்புகளைக் கணினிவழிப் பகுப்பாய்வுக்காக நகலெடுக்கலாம் என்றது. ஒரு நாட்டில் எழுதப்பட்ட நிரல் இன்னொரு நாட்டின் வழங்கியில் ஓடக்கூடும் என்பதால், எந்தச் சட்டம் பொருந்தும் என்பதையும் முன்னதாகவே தீர்மானித்துக்கொள்ளுங்கள். எந்நாடாயினும், பகுப்பாய்வு முடிந்தபின் மூல உரைகளைப் பொதுவில் வைக்காதீர்கள்.

ஆறாம் படி: உங்கள் பட்டியலைப் பிறர் ஐயமின்றி எடுக்கும்படி வெளியிடுங்கள்

இவ்வளவு தூரம் நடந்தவர் மற்றவர்களையும் இதே குழப்பத்தில் விட்டுவிடலாகாது. உங்கள் தரவை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்றால், திறந்த உரிமங்களை வகுத்து வழங்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் சிசி0 அறிவிப்பை இடுங்கள். எவரும் தொகுக்கக்கூடிய தரவுத்தளமான விக்கித்தரவு திட்டத்தின் தரவுகள் இவ்வாறே உள்ளன. எடுப்பவரும் தம் திருத்தங்களைத் திறந்தே வைக்க வேண்டும் என்று விரும்பினால், தன்னார்வலர்கள் உருவாக்கும் உலக நிலப்படமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012 முதல் பயன்படுத்தும் திறந்த தரவுத்தள உரிமம் பொருந்தும். கிரியேட்டிவ் காமன்சின் பிற உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்தால், 2013இல் வந்த 4.0 பதிப்பைக் கொள்ளுங்கள். ஐரோப்பியத் தரவுத்தள உரிமையையும் அது வெளிப்படையாகத் தழுவுகிறது. நீங்கள் பிறரிடமிருந்து பெற்ற தரவு வேறு உரிமத்தில் இருந்தால், அந்த நிபந்தனைகள் உங்கள் வெளியீட்டோடும் தொடரும்.

கடைசியாக, பட்டியலில் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே மூன்று நெடுவரிசைகளைத் தொடக்க நாளிலேயே சேர்த்துவிடுங்கள்: மூலம் எது, எடுத்த நாள் எது, அன்று அம்மூலத்தின் உரிமம் என்ன. ஆயிரம் பதிவுகள் சேர்ந்த பின் இவற்றைத் தேடிப் போவது இயலாத வேலை. எவரேனும் உரிமை கோரி எழுதும்போது, எந்தப் பதிவு எங்கிருந்து வந்தது என்பதை அந்த மூன்று நெடுவரிசைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். நீக்க வேண்டியது எது, நிறுத்தி வாதிட வேண்டியது எது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.